நேரமில்லாதவர்கள் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் தலையங்கத்தில், "மணிக்கணக்கில் கைப்பேசியைத் தடவ நேரமிருக்கும் நம் பிள்ளைகளுக்கு, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் பத்து நிமிடம் கிடைக்கவில்லை" என்று எழுதியிருந்தீர்கள். என் மகள் அதை இரண்டு முறை படித்தாள். இதழை மடித்து என்னிடம் நீட்டிவிட்டு எழுந்து போனாள். அவள் சொல்லாமல் விட்டதை நான் எழுதுகிறேன்.

அவள் கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். 17 வயது நிறைந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கும் வசதி 2022 முதல் இருப்பது தாங்கள் அறியாததல்ல. அதன்படி அவள் புதிதாகப் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-ஐ நிரப்பினாள். தாங்கள் குறைபட்டுக்கொள்ளும் அதே கைப்பேசியில்தான். பத்து நிமிடத்தில் முடியவில்லை, மூன்று இரவுகள் ஆயின. படிவத்தில் குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. நமக்கேது குடும்பப் பெயர்? பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் நிற்கும் இனிஷியல், ஆதாரில் என் முழுப் பெயராக விரிந்து பின்னால் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதை நம்புவார்களோ என்ற குழப்பத்தோடு ஒருவழியாக அனுப்பினாள்.

நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் சரிபார்க்க வந்தார்கள். பெண் கோவையில் படிப்பதாக எதிர்வீட்டு அக்கா உள்ளதைச் சொல்லியிருக்கிறார். முகவரியில் வசிக்கவில்லை என்று விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. வந்த அம்மையாரை நான் குறைசொல்ல மாட்டேன். அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு நடுவே இந்த வேலையையும் தலையில் சுமந்து வெயிலில் அலைகிறவர் அவர். ஆனால் வீடற்றவர் விண்ணப்பித்தால், அவர் படுத்துறங்கும் இடத்துக்கே இரவில் சென்று பார்க்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். வீடிருந்தும் விடுதியில் உறங்குகிற பெண்ணைத் தேட ஆளில்லை.

விடுதி மாணவர்கள் பெற்றோர் முகவரியிலோ விடுதி முகவரியிலோ, விருப்பம்போலப் பெயர் சேர்க்கலாம். விடுதி என்றால் கல்லூரி முதல்வரின் சான்று வேண்டும். அதைக் கேட்டுப் போனவளிடம், அப்படியொரு சான்றை இதுவரை கொடுத்ததே இல்லை என்று கல்லூரி அலுவலகத்தில் சொன்னார்கள். தேர்தல் பிரிவிலோ சொந்த ஊருக்கே போகச் சொன்னார்கள். இதே கல்லூரியில்தான் ஜனவரி 25 அன்று வாக்காளர் தின உறுதிமொழியும் கோலப்போட்டியும் தவறாமல் நடக்கின்றன. அதில் அவள் வாங்கிய ஆறுதல் பரிசான எவர்சில்வர் கிண்ணத்தில்தான் எங்கள் வீட்டில் தயிருக்கு உறை ஊற்றுகிறோம்.

சொல்லத் தொடங்கிவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். என் தந்தையார் காலமானதும், அவர் பெயரை நீக்கக் கோரிப் படிவம் 7 கொடுத்தேன். 2024 மக்களவைத் தேர்தலின்போது அவர் பெயருக்குப் பூத் சிலிப் வீடு தேடி வந்தது. இல்லாதவரைத் தேடி வரத் தெரிந்தவர்களுக்கு, இருக்கிறவளைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

1989 ஜனவரியில் சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது எனக்கு 19 வயது. நாள் முழுதும் பிறருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். எனக்கு ஓட்டில்லை, அப்போது 21 ஆக வேண்டும். வாக்களிக்கும் வயதை 18 ஆக்கிய அரசியலமைப்பின் 61-ஆவது திருத்தம் அந்த மார்ச் 28-இல் நடைமுறைக்கு வந்ததும், பள்ளி ஆசிரியர் ஒருவர் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, என் சான்றிதழைப் பார்த்து, பெயரை எழுதிக்கொண்டு போனார். நவம்பரில் ஓட்டுப் போட்டேன். என் பங்குக்கு நான் செய்ததெல்லாம் அவருக்கு ஒரு செம்பு மோர் கொடுத்ததுதான். என்னை எந்தத் தலையங்கமும் பொறுப்புள்ள இளைஞன் என்று பாராட்டவில்லை. என் மகளுக்கு மட்டும் எப்படிப் பொறுப்பற்றவள் என்ற பட்டம் கிடைத்தது என்பது விளங்கவில்லை.

தலையங்கத்தைத் திரும்பப் பெறுமாறு கேட்கும் அளவுக்கு நான் பெரிய மனிதன் அல்லன். 18 வயது நிறைந்ததா என்று கணக்கிடும் தகுதி நாள்கள் இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதி என ஆண்டுக்கு நான்கு. அந்த நான்கு தேதிகளையும், விடுதி மாணவர்களுக்கு முதல்வர் தர வேண்டிய சான்றைப் பற்றிய ஒற்றை வரியையும் தங்கள் இதழில் ஒரு கட்டத்துக்குள் வெளியிட்டால் போதும். ராசிபலன் பக்கத்தின் அடியில் போட முடிந்தால் நல்லது. கல்லூரி முதல்வர்களின் கண்ணிலும் படும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருவாரூர் மாவட்டம்.