அஜினோமோட்டோவும் கடியபட்டணத்து சிப்பியும்

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க இணைப்புல அஜினோமோட்டோ பத்தி வந்த கட்டுரையை வாசிச்சேன். அதுல இருக்குற குளூட்டமேட்னா மூளையைக் கொல்ற விஷம்னு ஒரே வரியில முடிச்சிருந்தீங்க. எங்க வீட்டுல மாமியார் அத வாசிச்சுட்டு, தக்காளியிலயும் அது இருக்காமே மோளே, இனி ரசம் வைக்கலாமா வேண்டாமான்னு கேக்குறாங்க. நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் டியூஷன் எடுக்குறவ, இத அப்படியே விட்டுட்டுப் போக மனசு வரல.

ஐயா, தாய்ப்பால்லயே குளூட்டமேட் இருக்கு. நம்ம மூளையில ஒரு நரம்பு செல் பக்கத்து செல்லைத் தட்டி எழுப்புறது பெரும்பாலும் இத வச்சுத்தான். சாப்பாட்டுல வர்றதுல பெரும்பகுதியை குடலே எரிச்சுத் தீத்துரும், மிச்சம் ரத்தத்துக்கு வந்தாலும் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல இருக்குற தடுப்பு அத லேசுல உள்ள விடாது. இந்த பயம் கிளம்புனது 1969ல, ஜான் ஓல்னிங்கிறவர் பிறந்து கொஞ்ச நாளே ஆன சுண்டெலிக் குட்டிகளுக்கு அத ஊசியில நிறைய ஏத்தி மூளை செல் சாகுறதக் காட்டுனப்போ. அவர் கண்டது உண்மைதான், ஆனா ஊசியில ஏத்துறதும் குழம்புல ஒரு சிட்டிகை போடுறதும் ஒண்ணாகாது. நரம்பு செல்லுல குளூட்டமேட் வந்து தொடுற கதவு இருக்குல்ல, ரிசெப்டார்னு சொல்றது, அதப் பத்தி உங்க கட்டுரையில ஒரு வார்த்தை கூட இல்ல, எனக்கு வருத்தமே அதுதான்.

எனக்கு ஊரு கடியபட்டணம். எங்க அப்பா பாறைக்கு நீந்திப் போயி மூச்சடக்கி முங்கி சிப்பி எடுத்தவரு. கொண்டு வந்து முற்றத்துல தட்டினதும் நாங்க பிள்ளைங்க சுத்தி உக்காந்து நார் பிச்சு எடுப்போம், லேசா வாயைத் திறந்து கிடக்குற சிப்பிய விரலால தட்டினா உயிர் உள்ளதுன்னா மெல்ல இறுக்கி மூடிக்கும், மூடாதத அம்மா தூரப் போட்டுருவாங்க. இத ஏன் சொல்றேன்னா, நான் காலேஜ்ல படிக்கும்போது இந்த ரிசெப்டார் படத்தப் பாத்ததும் எனக்கு அந்த முற்றம்தான் ஞாபகம் வந்துச்சு, விஞ்ஞானிகளே அதுல குளூட்டமேட்டப் பிடிக்குற பாகத்துக்கு சிப்பி ஓடுன்னுதான் உவமை சொல்றாங்க. ஒரு ரிசெப்டார்ல நாலு புரதத் துண்டு சேர்ந்திருக்கும், ஒவ்வொண்ணுலயும் செல்லுக்கு வெளிய நீட்டிக்கிட்டு ரெண்டு ஓடு வாய் பிளந்து நிக்கும், குளூட்டமேட் உள்ள வந்து விழுந்ததும் ஓடு மூடிக்கும், மூடும்போது கீழ செல் தோல்ல இருக்குற துளைய இழுத்துத் திறந்துரும். மேல சிப்பி மூடுனா கீழ வாசல் திறக்கும், அவ்வளவுதான் சூட்சுமம். துளை வழியா சோடியம் உள்ள பாஞ்சு செல் உசுப்பாகும். இதுல ஒரு வகைக்கு ஆம்பான்னு பேரு, முழு ஆம்பா ரிசெப்டாரோட வடிவத்த 2009ல அமெரிக்காவுல ஓரிகன்ல உள்ள ஆய்வாளர்கள் வெளியிட்டாங்க.

ஆம்பா வேகக்காரன், ஒரு சில மில்லி செகண்ட்ல திறந்து மூடிரும். என்.எம்.டி.ஏ.ன்னு இன்னொண்ணு உண்டு, எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். அதுக்கு குளூட்டமேட் மட்டும் போதாது, கிளைசினோ டி-செரினோ, ரெண்டும் அமினோ அமிலம், அதுல ஒண்ணும் கூட வந்து உக்காரணும், அப்பவும் துளையில ஒரு மெக்னீசியம் அடைச்சுக்கிட்டு நிக்கும், செல் ஏற்கனவே உசுப்பாகி இருந்தாத்தான் அது விலகும், விலகினதும் கால்சியம் உள்ள வரும். அந்த கால்சியம் வந்துதான் இந்த இணைப்பைப் பலப்படுத்துன்னு செல்லுக்குச் சொல்லுது, அப்புறம் அந்த இடத்துல ஆம்பா கதவு கூடுது. பாடம் மனசுல பதியுறதுக்கு இது முக்கியமான வழி. இதே கால்சியம் அளவு மீறினா செல் செத்துரும், பக்கவாதம் வந்த மூளையில நடக்குறதுல ஒரு பகுதி இதுதான். துளையே இல்லாம உள்ளுக்குள்ள ஆள் விட்டு வேலை வாங்குற எட்டு வகை ரிசெப்டாரும் இருக்கு, அதுக்குள்ள போனா லெட்டர் நீண்டுரும்.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் கைனேட் ரிசெப்டார்ங்கிற இன்னொரு குளூட்டமேட் கதவு. அந்தப் பேரு ஜப்பான்ல குடல் புழுவுக்கு மருந்தா குடிச்ச ஒரு சிவப்புக் கடல்பாசியில இருந்து 1953ல பிரிச்செடுத்த கைனிக் ஆசிட்டால வந்தது. அதுக்குச் சொந்தக்காரன் மாதிரி டொமோயிக் ஆசிட்னு ஒண்ணு இருக்கு, கடல்ல மிதக்குற சூடோ நிட்ஸ்கியாங்கிற நுண்பாசியில சில வகை இத உண்டாக்கும், சிப்பி தண்ணிய வடிகட்டி சாப்பிடும்போது இது அதுக்க சதையில சேரும். 1987ல கனடாவுல பிரின்ஸ் எட்வர்ட் தீவுல வளர்த்த சிப்பிய சாப்பிட்டு நூறு பேருக்கு மேல வாந்தி, வயித்துப்போக்கு, தலைவலின்னு படுத்தாங்க, மூணு பேராவது செத்தாங்க, பிழைச்சதுல சிலருக்கு புதுசா எதுவும் மனசுல நிக்கல. குளூட்டமேட்ட செல்லு வேலை முடிஞ்சதும் அள்ளி எடுத்துரும், டொமோயிக் ஆசிட்ட அப்படி அள்ள முடியாது, அது பிடிச்ச கைனேட் கதவும் சரியா மூடாது, ஞாபகத்துக்கான ஹிப்போகாம்பஸ் செல்லுக அதுல வெந்துச்சு. அவிச்சாலும் பொரிச்சாலும் இந்த விஷம் போகாது, வாசம், நிறம் எதுலயும் தெரியாது, அம்மா தட்டிப் பாத்த சோதனையும் இதுக்கு உதவாது.

நம்ம கடப்புறத்து சிப்பியில இது இருக்குன்னு நான் சொல்லல, தயவு செஞ்சு யாரும் அப்படி எடுத்துக்காதீங்க, நேத்தும் எங்க வீட்டுல சிப்பி தோரன்தான், மரச்சீனி கூட. கடியபட்டணம், கொளச்சல், இனயம் பக்கமெல்லாம் எத்தனை வீட்டு அடுப்பு இத நம்பி எரியுதுன்னு எனக்குத் தெரியும். கனடாவுல அதுக்கப்புறம் ஒரு கிலோ சதைக்கு 20 மில்லிகிராமுக்கு மேல இருந்தா விக்கக் கூடாதுன்னு வச்சாங்க, மத்த பல நாடுகளும் அத எடுத்துக்கிட்டாங்க. சுத்தமான தண்ணியில கிடந்தா பல சிப்பி வகையில இது தானா வெளியேறிரும், அதனால எப்பவாவது தடை போட்டாலும் தொழில் ஒரேயடியா நின்னு போகாது. சிப்பி சீசன்ல மீன்வளத்துறை சாம்பிள் எடுத்து இந்த விஷம் இருக்கான்னு பாத்து, ரிசல்ட்ட தமிழ்ல, ஏலம் போடுற இடத்துலயே போர்டுல எழுதிப் போடணும், முங்கி எடுக்குறவருக்கும் வாங்குறவருக்கும் தெரியுற மாதிரி.

உங்க பேப்பர் இந்தக் கோரிக்கைய மாவட்டச் செய்திப் பக்கத்துல போட்டா நல்லா இருக்கும். அந்த அஜினோமோட்டோ கட்டுரைக்கு ஒரு திருத்தமும் போடுங்க ஐயா, மாமியார் ரெண்டு நாளா ரசம் வைக்கல.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கடியபட்டணம், கன்னியாகுமரி மாவட்டம்.