நேபாளக் கட்சித் தலைவர்களே, ராஜாவை இறக்கிட்டு வெளிநாட்டுக்கு வந்தவங்களுக்கு ஓட்டுரிமை குடுங்க

மதிப்புக்குரிய நேபாளி காங்கிரஸ், எமாலே (UML கம்யூனிஸ்ட் கட்சி), மாவோயிஸ்ட் தலைவர்களுக்கு,

வணக்கம். நான் நேபாளி இல்ல, தமிழ்நாட்டுக்காரன், கத்தார்ல கட்டடத்துக்குச் சாரம் கட்டுற வேலை. உங்க நாட்டு விஷயத்துல மூக்கை நுழைக்க நீ யாருன்னு கேட்டீங்கன்னா நியாயம்தான். ஆனா கேம்ப்ல என் ரூம்ல பாதிப் பேர் உங்க ஊர்க்காரங்க, அவங்க சண்டை எல்லாம் உங்க மூணு கட்சியைப் பத்தித்தான், அதைக் கேட்டுக் கேட்டு எனக்கே உங்க கூட்டணிக் கணக்கு அத்துப்படி ஆயிடுச்சு.

2025 மார்ச்ல பழைய ராஜா ஞானேந்திரா காத்மாண்டு ஏர்போர்ட்ல வந்து இறங்குனப்போ "ராஜா வா, நாட்டைக் காப்பாத்து"ன்னு ஆயிரக்கணக்குல ஜனங்க கத்துனாங்க இல்லையா, அன்னைக்கு நீங்க எல்லாரும் ரொம்ப அதிர்ச்சி ஆனீங்க. அடுத்து செப்டம்பர்ல சோஷியல் மீடியாவைத் தடை பண்ணப் போய் பசங்க ரோட்டுக்கு வந்து, போலீஸ் அவங்களைச் சுட்டு, மறுநாளே அப்போ பிரதமரா இருந்த எமாலே தலைவர் ஓலி ராஜினாமா பண்ணி, அரசுத் தலைமைச் செயலகமான சிங்க தர்பார் எரிஞ்சது, அதுக்கும் அதிர்ச்சி. ஏன் இப்படி ஆச்சுன்னு இன்னும் டிவில உக்காந்து யோசிச்சுட்டு இருக்கீங்க. நான் ஒரு ஆளைக் காட்டுறேன், பாருங்க.

எனக்குப் பக்கத்துக் கட்டில்ல படுக்குற அண்ணன். 2006 ஏப்ரல்ல ராஜாவை எதிர்த்து காத்மாண்டு கலங்கியில ரிங் ரோட்டுல நின்னவர். ஊரடங்கு போட்டும் வீட்டுக்குப் போகாத கூட்டத்துல ஒருத்தர், முதுகுல லத்தித் தழும்பு இன்னும் இருக்கு, குளிக்கும்போது பார்த்திருக்கேன். 2005 பிப்ரவரி 1 அன்னைக்கு ராஜா போன் லைனை எல்லாம் கட் பண்ணி, உங்கள்ல காங்கிரஸ், எமாலே தலைவர்களை வீட்டுக்காவல்ல வெச்சு ஆட்சியைக் கையில எடுத்தாரே, அதுக்கு அப்புறம் உங்களுக்காக வெளிய வந்தது இந்த மாதிரி ஆளுங்கதான். 2006 ஏப்ரல் 21-ல ராஜா "பிரதமர் பேரு சொல்லுங்க, நியமிக்கிறேன்"னு இறங்கி வந்தப்போ, பேசிப் பார்க்கலாமான்னு உங்கள்ல சிலருக்குத் தோணியிருக்கலாம், ரோட்டுல இருந்தவங்க வேணாம்னுட்டாங்க. போராட்டம் மொத்தம் 19 நாள். 24-ஆம் தேதி ராத்திரி கலைச்ச பார்லிமெண்டை அவரே திருப்பிக் குடுத்தார்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். மே 18-ல ராஜாவோட அதிகாரத்தைப் புடுங்குனீங்க, "ராஜாவின் அரசு" வெறும் "நேபாள அரசு" ஆச்சு, "ராயல்" போய் நேபாள ராணுவம் ஆச்சு. 2008 ஏப்ரல்ல 601 பேர் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல், மே 28-ல 560-க்கு 4-ன்னு ஓட்டுப் போட்டு சுமார் 240 வருஷ மன்னராட்சியை முடிச்சீங்க. அரண்மனை மியூசியம் ஆச்சு. இவ்வளவு பெரிய விஷயம் ஒரு பார்லிமெண்ட் ஓட்டுல முடிஞ்சதை நான் இன்னைக்கும் மெச்சுறேன், உண்மையாவே.

அந்த அண்ணன் அந்தத் தேர்தல்ல வரிசையில நின்னு கட்டைவிரல்ல மை வெச்சுட்டு வந்தவர். அவர் போட்ட ஒரே ஓட்டு அதுதான். அந்த வருஷமே ஊர்ல வேலை இல்லாம கிளம்பிட்டார். அடுத்த தேர்தல் 2013, அடுத்தது 2017, அப்புறம் 2022, மூணும் போன்ல பார்த்ததோட சரி. வார்டு லிஸ்டுல அவர் பேரு இருக்கு, ஆளு இங்க சாரத்துல தொங்குறார். 2022-ல ஓட்டு எண்ணிக்கை அன்னைக்கு டூட்டி முடிஞ்சு வந்து விடிய விடிய பார்த்தார், தொகுதில யாரு ஜெயிப்பான்னு எனக்குப் புள்ளி விவரம் சொல்றார், நான் கேட்டேன் அண்ணே நீங்க யாருக்குப் போட்டிருப்பீங்கன்னு, அதுக்கு மட்டும் பதில் சொல்லல.

வெளிநாட்டுல இருக்குற நேபாளிகளுக்கு ஓட்டுப் போட ஏற்பாடு பண்ணுங்கன்னு உங்க சுப்ரீம் கோர்ட்டே 2018-ல சொல்லிடுச்சு. அப்புறம் எத்தனை அரசு வந்துச்சு, எத்தனை அரசு போச்சு! மியூசிக்கல் சேர் மாதிரிதான், இதுவரைக்கும் மொத்தமா எண்ணுனா காங்கிரஸ் தேவுபா அஞ்சு தடவை பிரதமர், மாவோயிஸ்ட் பிரசண்டா மூணு தடவை, ஓலி மறுபடி மறுபடி, யாரும் அஞ்சு வருஷம் முழுசா உக்காரல, ஆனா இந்த ஒரு உத்தரவு மட்டும் நகரவே இல்ல. பாஸ்போர்ட்டுக்கு இங்க தூதரகத்துல கைரேகை வாங்க முடியுது, ஓட்டுப்பெட்டி வைக்க மட்டும் ஏன் முடியல? ஜெயில்ல இருக்குறவங்களுக்கும் டூட்டில இருக்குற போலீஸுக்கும் தற்காலிக லிஸ்ட் போட்டு ஓட்டு வாங்குறீங்க. இவங்க என்ன, ஜெயில்ல இருக்குறவங்களைவிட மோசமா போயிட்டாங்களா? பணம் மட்டும் வேணும், ஜிடிபில நாலுல ஒரு பங்கு இவங்க அனுப்புறதுதான். பெட்டியில பொணமா திரும்புறவங்களை மட்டும் ஏர்போர்ட்ல வாங்கிக்கறீங்க.

2015 அரசியலமைப்பு வர்றதுக்கு ஏழு வருஷம் எடுத்தீங்க, முதல் சபை எதுவும் முடிக்காமலேயே கலைஞ்சது, அதையும் ஜனங்க பொறுத்துக்கிட்டாங்க. மாவோயிஸ்ட் உள்நாட்டுப் போர்ல காணாமப் போனவங்க குடும்பம் இன்னும் கமிஷன் கமிஷனா அலையுறாங்க. கூட்டாட்சி, ஏழு மாகாணம், 753 உள்ளாட்சின்னு காகிதத்துல எல்லாம் அழகாத்தான் இருக்கு. சரி, அதை எல்லாம் எழுதுனா இந்த மடல் முடியாது, விடுறேன்.

எங்க நாடு மட்டும் என்ன யோக்கியமா, என் பேரும் வெளிநாட்டு இந்தியர் லிஸ்டுல சேர்க்கலாம், ஆனா ஓட்டுப் போடணும்னா டிக்கெட் எடுத்து ஊருக்கு நேர்ல போகணும். எங்க தலைவர்கள்கிட்டயும் இதைக் கேட்கிறேன். ஆனா நாங்க ராஜாவை இறக்கி இந்தக் குடியரசைக் கட்டலையே, இவங்க கட்டுனாங்க.

அதனால தயவுசெஞ்சு, தேர்தல் முறையை மாத்தணும்னு பேசுறப்போ எல்லாம் முதல் வரியிலேயே இதை எழுதுங்க. எல்லா நாட்டுலயும் ஒரே நாள்ல வேணாம், முதல்ல வளைகுடாவுலயும் மலேசியாவுலயும் இருக்குற தூதரகத்துல, முதல்ல விகிதாச்சார ஓட்டு (வேட்பாளருக்கு இல்லாம கட்சிக்குப் போடுறது) மட்டும்கூடப் போதும், ஆனா ஆரம்பிங்க. வெளிநாட்டுல இருக்குற நேபாளிகளுக்கு ஓட்டு குடுங்க. மரியாதையோடதான் கேட்கிறேன்.

பதில் போடுறதா இருந்தா நேபாளியிலயே போடுங்க, அண்ணன் படிச்சு எனக்குச் சொல்லுவார்.

இப்படிக்கு,
கத்தார்ல இருந்து ஒரு சாரம் கட்டுற தமிழன்