கேற்றுக்கு வெளியே நின்ற வயரிங்காரரின் மகள் எழுதுவது

கொழும்பில் பழைய மாளிகைகளை ஹோட்டலாக்கும் உரிமையாளர்களுக்கும், அதற்கு அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

என் அப்பா வயரிங் வேலை செய்தவர். 1980களில் கறுவாத்தோட்டத்தில் ஒரு பெரிய வீட்டுக்கு முழுதாகப் புது வயர் இழுத்தார். ஹோலில் இருந்த வட்டமான பித்தளை சுவிட்சுகளை எறிந்துவிட வீட்டுக்காரருக்கு மனம் வரவில்லை. அப்பா ஒவ்வொன்றாகக் கழற்றி, புளி போட்டுத் தேய்த்து, புது வயரைக் கொடுத்து அதே இடத்தில் பூட்டினார். ஆறு சுவிட்சுகள், ஒரே வரிசையில்.

அந்த வீடு இப்போது ஹோட்டல். போன வருடம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். "ரூம் புக் பண்ணியிருக்கிறீங்களா?" என்று வாசலில் கேட்டார்கள். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறோம் என்றும் கேட்டுப் பார்த்தேன். தங்குபவர்களுக்கு மட்டும்தானாம். அப்பா ஒன்றும் பேசவில்லை. கேற்றுக் கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தார். அப்புறம் ஓட்டோவில் ஏறிவிட்டார்.

எனக்கு ஏன் இவ்வளவு வலித்தது என்றால், அதற்கு முந்தின வருடம்தான் நாங்கள் இருவரும் இந்தியாவில், ராஜஸ்தானின் ஜோத்பூரில் உமைத் பவன் அரண்மனையைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். 347 அறைகள் கொண்ட மாளிகை அது. கடும் பஞ்சத்தில் தவித்த மக்களுக்கு வேலை கொடுப்பதற்காக மகாராஜா உமைத் சிங் 1929இல் தொடங்கிய கட்டடம். முடிய 1943 ஆனது. இன்று ஒரு பகுதியில் அரச குடும்பம் வசிக்கிறது, ஒரு பகுதி ஹோட்டல், மற்றது அருங்காட்சியகம். ஹோட்டலில் ஒரு இரவு தங்க எங்கள் காசு பத்தாது. ஆனால் அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் எடுத்தால் யாரும் உள்ளே போகலாம். அங்கே கடிகாரங்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். அப்பா ஒவ்வொன்றுக்கும் முன்னால் குனிந்து குனிந்து நின்றார். அவரை வெளியே கூட்டி வருவதே பெரும்பாடாகிவிட்டது.

பழைய வீடுகளை ஹோட்டலாக்குவதை நான் எதிர்க்கவில்லை. முன்னாள் மன்னர் குடும்பங்களுக்கு வருடாவருடம் கொடுத்துவந்த மன்னர் மானியத்தை 1971இல் இந்திய அரசு நிறுத்திய பிறகு, பல அரண்மனைகளின் கூரை இன்னும் ஒழுகாமல் இருப்பது ஹோட்டல் வருமானத்தால்தான். இங்கேயும் கொம்பனித்தெருவில் எத்தனை பழைய கட்டடங்கள் கண்முன்னே இடிபட்டன! இடிப்பதைவிட ஹோட்டல் ஆயிரம் மடங்கு மேல். கோட்டையில் பழைய டச்சு ஆஸ்பத்திரிக் கட்டடத்தைப் பாருங்கள். அதுவும் இப்போது வியாபார இடம்தான், ஆனாலும் அந்த முற்றத்தில் யாரும் போய் நிற்கலாம், தடித்த சுவரைத் தொட்டுப் பார்க்கலாம்.

அதனால் நான் கேட்பது இதுதான். இப்படியான கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கும்போதே, ஒரு ஹோலையோ விறாந்தையையோ ஊராருக்கு ஒதுக்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு என்றாலும் சரி. டிக்கெட் வையுங்கள், வாங்குகிறோம். கட்டியவர்கள், தச்சர்கள், மேசன்மார் பற்றித் தெரிந்ததை ஒரு பலகையில் எழுதி வையுங்கள். அந்த வீடுகளில் சமைத்தவர்களின் பிள்ளைகளும், சுவர் பூசியவர்களின் பேரப்பிள்ளைகளும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள்.

அப்பாவுக்கு 78 வயது. மாடிப்படி ஏற முடியாது. அந்த ஆறு சுவிட்சுகளும் கீழ் ஹோலில்தான், வாசலுக்கு இடப்பக்கம் இருக்கின்றன.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு மகள்