ஆறு மாதத்தில் காலாவதியாகும் பிறப்பு

வெளிநாட்டவர் அலுவலக அதிகாரிகளுக்கு,

வணக்கம். கோப்பு உங்களிடமே இருப்பதால் முன்கதை வேண்டாம். ஜெர்மனியில் வேலை செய்யும் பிரெஞ்சுக் குடிமகன் நான். என் செலவில் வாழும் அம்மாவுக்கு வதிவிட அட்டை கேட்டு வந்தேன். போன செவ்வாய்க்கிழமை நான்காவது தடவையாகத் திருப்பி அனுப்பினீர்கள்.

பிறப்பத்தாட்சிப் பத்திரம் எடுத்து ஆறு மாதம் தாண்டிவிட்டதாம். அம்மா 1951இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். அதற்குப் பிறகு அந்த விஷயத்தில் மாற்றம் ஏதும் நடந்ததாக எங்களுக்குத் தெரியவில்லை. மச்சான் ஊரில் கச்சேரியில், அதாவது அரச செயலகத்தில், கியூவில் நின்று புதுப் பிரதி எடுத்து, கூரியரில் போட்டு, இங்கே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து வாங்கி, உங்களிடம் நேரம் கேட்டால், நீங்கள் தரும் நாளில் பத்திரத்துக்கு ஏழு மாதம் ஆகிவிடுகிறது.

இரண்டாவது தடவை என்னிடம் சுதந்திர நடமாட்டச் சான்றிதழ், அதாவது ஐரோப்பிய ஒன்றியக் குடிமகனாக இங்கே வாழ எனக்கு உரிமை உண்டு என்று காட்டும் பத்திரம், கேட்டீர்கள். ஜெர்மனி அதை 2013 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. இல்லாத பத்திரத்தை எந்தக் கவுண்டரில் வாங்குவது என்றேன். "அடுத்த முறை கொண்டு வாருங்கள்" என்றார் உங்கள் அலுவலர். மூன்றாவது தடவை, மாதாமாதம் காசு அனுப்பிய வங்கித் துண்டுகளைப் பார்த்துவிட்டு, அம்மா ஊரில் வேலை தேடினாரா என்று கேட்டீர்கள். எழுபது கடந்தவர். இப்படிப் பிறர் செலவில் வாழும் குடும்பத்தவர் பற்றிய ரெயஸ் வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 ஜனவரியிலேயே அந்தக் கேள்வி தேவையில்லை என்று சொல்லிவிட்டது.

நான் கேட்பது இவ்வளவுதான்: வேண்டிய பத்திரங்களை ஒரே தடவையில், எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பித்ததற்கான சான்றை அன்றைக்கே தாருங்கள். ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களும் குடும்பத்தவரும் நடமாடி வாழும் உரிமை பற்றிய 2004/38 பணிப்புரையின் 10ஆம் உறுப்புரை அந்தச் சான்றை உடனே தரத்தான் சொல்கிறது. ஆறு மாதம் என்ற கெடுவும் அதிலேயே இருக்கிறது. அது நீங்கள் அட்டை தருவதற்கான கெடு.

முதல் தடவை வந்தது போன ஒக்டோபரில். ஜூனில் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, ஊரில் செத்துப்போனார். அட்டை இருந்திருந்தால் அம்மா போய்விட்டு விசா இல்லாமலே திரும்பியிருக்கலாம். போனால் திரும்ப விடுவார்களா என்று ஒரு தடவை கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. செத்தவீட்டை என் போனில் பார்த்தார். இடையில் சார்ஜ் போய்விட்டது.

ஐரோப்பாவுக்குள் எல்லை இல்லை என்று என் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார்கள். உங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு அந்த ஆசிரியரை ஒரு நாள் கூட்டிவர ஆசை. டோக்கன் எடுக்கக் காலை ஆறு மணிக்கே வரவேண்டும் என்று மட்டும் சொல்லிவைப்பேன்.

மன்னிக்கவும், மரியாதையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அடுத்த சந்திப்புக்கு வரும்போது முழுப் பட்டியலையும் ஒரே தடவையில், எழுத்தில் தாருங்கள். விண்ணப்பச் சான்றையும் கையோடு தாருங்கள். மச்சானை இன்னொரு தடவை கச்சேரிக்குப் போகச் சொல்ல எனக்கு முகமில்லை.

இப்படிக்கு,
அம்மாவின் மகன்
(உறவை நிரூபிக்கும் பத்திரம் நான்காவது தடவையாக இணைக்கப்பட்டுள்ளது)