சிவப்பு இசைத்தட்டு குறித்துத் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஜெர்மன் மின்னணு இசைக் கலைஞர் கான்ராட் ஷ்னிட்ஸ்லரின் 'ரோட்' இசைத்தட்டு, 1973ஆம் ஆண்டின் முதல் பதிப்பாகவே விலைக்கு வந்திருக்கிறது என்றும், சேமிப்பைக் கரைத்து வாங்கிவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். வாங்க வேண்டாம். ஆனால் அந்த இசையே உனக்கு வேண்டாம் என்று நான் சொன்னதாக நீ எண்ணிவிடக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஷ்னிட்ஸ்லர் முறையாக இசை பயின்றவர் அல்லர். டுசல்டார்ஃபில் யோசஃப் பாய்ஸிடம் சிற்பம் கற்றவர். மேற்கு பெர்லினில் சோடியாக் கலைக்கூடத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். டேஞ்சரின் ட்ரீம் குழுவின் முதல் இசைத்தட்டில் பங்கேற்று, பின்னர் குளுஸ்டர் குழுவிலிருந்தும் விலகி, எந்த நிறுவனத்தையும் நாடாமல் தாமே வெளியிட்டதுதான் 'ரோட்'. ஜெர்மன் மொழியில் அதற்குச் சிவப்பு என்று பொருள். மறு ஆண்டு 'ப்ளாவ்' வந்தது, அது நீலம்.

பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே நீண்ட ஆக்கங்கள். மெட்டைத் தேடினால் கிடைக்காது. அவர் கையாண்ட சிந்தி ஏ, பெட்டிபோல் மூடிக் கையில் தூக்கிச் செல்லக்கூடிய பிரிட்டிஷ் சிந்தசைசர், அதாவது மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவி. அதில் இணைப்புக் கம்பிகளுக்குப் பதிலாக 16க்கு 16 என வரிசையாகத் துளைகள் இட்ட பலகை உண்டு. எந்தத் துளையில் ஊசியைச் செருகுகிறோமோ அதற்கேற்ப ஒலி செல்லும் வழி மாறும். ஒருமுறை அமைத்த ஒலியைச் சேமித்து வைக்கும் வசதி அக்கருவியில் இல்லை, அறையின் வெப்பம் கூடினாலே சுருதி நகர்ந்துவிடும். ஆகவே ஊசிகளைப் பிடுங்கிக் குமிழ்களையும் திருப்பிவிட்ட பிறகு, அதே ஒலியை அச்சாக மீட்டெடுப்பது ஏறத்தாழ இயலாத காரியம். அன்று ஓடிய ஒலிநாடாவில் பதிந்தது மட்டுமே எஞ்சியது. 'ரோட்' எனக்கு அரிய பொருளாகத் தோன்றுவது இதனால்தான். அச்சிட்ட தட்டுகள் குறைவு என்பதனால் அன்று.

அந்த ஒலி மறுபதிப்பிலும் இருக்கிறது. 2011இல் அவர் மறைந்த பிறகும் அவருடைய பழைய பதிவுகள் தொடர்ந்து மறுபதிப்புக் காண்கின்றன. சாதாரண விலைக்கே கிடைக்கும். முதல் பக்கத்தைப் பாதியில் நிறுத்தாதே. தொடக்கத்தில் இரைச்சலாகத் தோன்றுவது, பத்து நிமிடங்களுக்குப் பின் ஒன்றோடொன்று உரையாடும் குரல்களாகப் பிரியத் தொடங்கும். இரண்டாம் பக்கத்தை மறுநாளுக்கு வைத்துக்கொள். கேட்டு முடித்ததும் எந்த இடத்தில் உன் காது திறந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்