முன்னால் ஓட ஒருவர்

அன்பு மகளுக்கு,

"எல்லாரும் எங்கேயோ போய்விட்டார்கள், நான் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறேன்" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து மனசு உன்னையே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆறுதல் சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. பிறரிடமிருந்து ஊக்கம் பெறுவதற்கு ஒரு முறை இருக்கிறதம்மா. அது தப்பினால், ஊக்கம் தரவேண்டிய அதே ஆட்களைப் பார்த்தே சோர்வும் வரும்.

யாரைப் பார்க்கிறாய் என்பதில்தான் முதல் பிசகு. பெனலப்பி லாக்வுட், ஸீவா குண்டா என்ற இரண்டு உளவியலாளர்கள் 1997-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கணக்கியல் மாணவர்களிடம், அதே துறையில் பிரமாதமாகச் சாதித்த ஒரு இறுதியாண்டு மாணவரைப் பற்றிய குறிப்பைப் படிக்கக் கொடுத்தார்கள். முதலாண்டு மாணவர்களுக்கு உற்சாகம் பிறந்தது. நான்காம் ஆண்டு மாணவர்களுக்குப் பிறக்கவில்லை. படித்த குறிப்பு ஒன்றுதான், படித்தவர்களுக்கு மிச்சமிருந்த காலம்தான் வேறு. "இனி என்னால் எட்டமுடியாது" என்று தோன்றிவிட்டால் எந்தச் சாதனையும் பாரமாகிவிடும்.

நீ தினமும் கைபேசியில் பார்க்கிறவர்கள் முடித்த பொருளைக் காட்டுகிறார்கள். அழித்ததையும் திருத்தியதையும் காட்டுவதில்லை. உனக்கு வேண்டியது ஒன்றிரண்டு வருடம், மிஞ்சினால் மூன்று வருடம் முன்னால் போனவர். நீ இன்று தடுக்கி விழுகிற இடம் அவருக்கு இன்னும் நினைவிருக்கும். இருபது வருடப் பழக்கம் உள்ளவருக்குக் கை தானாகச் செய்யும், எப்படிச் செய்கிறார் என்று வாயால் சொல்லத் தெரியாது. கற்றுக்கொள்கிறவருக்கு, தடுமாறித் திருத்திக்கொண்டு செய்கிறவரைப் பார்ப்பது பிசகே இல்லாமல் செய்கிறவரைப் பார்ப்பதைவிடப் பல சமயம் கூடுதலாக உதவும்.

ஆளைக் கண்டுபிடித்ததும் "அவரைப் போல ஆகவேண்டும்" என்று நினைக்காதே, அதை வைத்துக்கொண்டு நாளைக் காலையில் ஒன்றும் செய்யமுடியாது. அவர் செய்கிற ஒரே ஒரு காரியத்தை எடு. முதல் வரைவை எப்படித் திருத்துகிறார், தெரியாத கேள்வி வந்தால் எப்படிச் சமாளிக்கிறார், இப்படி ஒன்று. அவர் செய்ததை நன்றாகப் பார், மூடிவை, இரண்டு நாள் கழித்து நீயாகச் செய்து பக்கத்தில் வைத்து ஒப்பிடு. எங்கே வித்தியாசப்படுகிறதோ அங்கேதான் உனக்குப் பாடம் இருக்கிறது. பார்த்துக்கொண்டே செய்தால் கை மட்டும்தான் நகரும்.

அப்புறம் அவரிடம் கேள். நீ தயங்குவது இங்கேதான் என்று தெரியும். கடிதம் ஆறேழு வரிக்கு மேல் போகவேண்டாம். அவர் செய்த எந்த வேலையைப் பார்த்தாய், அதை வைத்து நீ என்ன முயன்றாய், எந்த இடத்தில் நின்றுவிட்டது, பிறகு ஒரே ஒரு கேள்வி. "எனக்கு வழிகாட்டுங்கள்" என்று மட்டும் எழுதாதே. எவ்வளவு நேரம் கேட்கிறாய் என்று அவருக்குப் புரியாது, நல்ல மனிதர்கள்கூடப் பதில் போடாமல் விட்டுவிடுவார்கள். இருபது நிமிடம் பேசமுடியுமா என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டு, அதோடு விட்டுவிடு. அது உன்னை மறுத்ததாக ஆகாது.

பலரும் கோட்டைவிடுவது இதற்குப் பிறகு. அவர் சொன்னதைச் செய்துபார்த்துவிட்டு, இரண்டு வாரத்துக்குள் என்ன ஆனது என்று நான்கு வரி எழுது. பலிக்காவிட்டாலும் எழுது. சொன்னதைச் செய்கிறவருக்கு அடுத்த முறை யாரும் கதவைச் சாத்துவதில்லை. நன்றி மட்டும் சொல்லி நின்றுவிட்டால் அந்த உறவு அங்கேயே முடிந்துபோகும்.

குறை சொல்கிறவர் ஒருவரும் வேண்டும். ஆனால் எல்லாக் குறையும் உதவாது. க்ளூகர், டெனிசி என்ற இருவர் 1996-இல் பழைய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, கருத்துச் சொன்னதால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நேரங்களில் வேலை இன்னும் மோசமாகியிருந்தது. பேச்சு வேலையை விட்டு ஆளைப் பற்றித் திரும்பும்போது அது கெடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். அதனால் "எப்படி இருக்கிறது?" என்று பொதுவாகக் கேட்காதே. "இதில் நீங்கள் படிப்பதை நிறுத்தியிருப்பீர்கள் என்றால் எந்த வரியில்?" என்று கேள். பதில் வேலையின் மேல் விழும், உன்மேல் விழாது.

கூட ஓடுகிறவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். 1954 மே 6 அன்று இங்கிலாந்து ஓட்டக்காரர் ரோஜர் பானிஸ்டர் உலகில் முதன்முதலாக ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள், 3 நிமிடம் 59.4 வினாடியில், ஓடியதை அவர் ஒருவரின் வெற்றியாகவே எல்லாரும் சொல்கிறார்கள். முதல் பாதியைத் தாண்டும்வரை அவருக்கு முன்னால் வேகம் பிடித்து ஓடியவர் கிறிஸ் பிராஷர். பிறகு கடைசிச் சுற்றின் பாதிவரை கிறிஸ் சாட்டவே. தொடக்கத்தில் வேகம் போதவில்லை என்று நினைத்து பானிஸ்டர் பின்னாலிருந்து கத்தினார். பிராஷர் தன் வேகத்தை மாற்றவில்லை. மொத்தம் நான்கு சுற்றில் முதல் சுற்று 57.5 வினாடியில் முடிந்திருந்தது, வேகம் சரியாகத்தான் இருந்தது. 46 நாள் கழித்து ஆஸ்திரேலிய ஓட்டக்காரர் ஜான் லாண்டி அந்தச் சாதனையை முறியடித்தபோதும் பின்னால் துரத்தி ஓடியவர் அதே சாட்டவே. உன் பதற்றத்துக்காகத் தன் நிதானத்தை விடாத ஆளாகப் பார்த்துச் சேர்த்துக்கொள்.

மூன்று பேர் போதும். வாரம் ஒரு நாள், குறித்த நேரத்தில், ஆளுக்கு மூன்று வரி: போன வாரம் என்ன சொன்னேன், என்ன செய்தேன், எங்கே நிற்கிறேன். புலம்பலுக்குத் தனி நாள் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் அது புலம்பல் கூட்டமாகிவிடும். தொடர்ந்து இரண்டு வாரம் விட்டுப்போனால் கிழமையை மாற்றிப் பார்.

அந்த மூன்று வரியை எனக்கும் அனுப்பு. நீ கேட்காமல் யோசனை சொல்லமாட்டேன். ஒவ்வொரு வாரமும் படிப்பேன்.

அன்புடன்,
அப்பா