பாக்கைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உலகப் புற்றுநோய் தினத்தை ஒட்டி பிப்ரவரி 4 அன்று தாங்கள் வெளியிட்ட கட்டுரை, பீடி, சிகரெட், குட்கா பற்றி நன்றாகவே சொல்லியிருந்தது. வெறும் பாக்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் வாய்ப்புற்றைப் பற்றிப் பேசும்போது பாக்கை விட்டுவிட்டால் பாதி விஷயம் விட்டுப்போகிறது. "புகையிலை தொடமாட்டேன், பாக்கு மட்டும்தான்" என்று நிம்மதியாகச் சொல்பவர்கள் இங்கே நிறைய.

அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் வெளியிட்ட தொகுப்பிலேயே, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் பாக்கு இடம்பெற்றுவிட்டது. புகையிலையும் அதே பிரிவுதான். தமிழ்நாட்டில் 2013 முதல் குட்காவுக்குத் தடை இருக்கிறது. ஆனால் புகையிலை கலக்காத பாக்குப் பொட்டலம் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குகிறது. பள்ளிக்கூடப் பையன்களும் வாங்குகிறார்கள்.

பாக்கு செய்கிற கெடுதல் மெதுவானது. அதிலுள்ள அரிகோலின் என்ற பொருள் கன்னத்தின் உட்தோலுக்கு அடியில் நார்த்திசுவை அளவுக்கு மீறி வளரவைக்கிறது. பாக்கில் உள்ள செம்புச் சத்து அந்த நாரை இன்னும் இறுகவைக்கிறது. முதல் அறிகுறி எரிச்சல். எப்போதும் சாப்பிடுகிற காரக்குழம்பே திடீரென்று வாயில் பட முடியாமல் போகும். பிறகு கன்னத்தின் உட்புறம் சிவப்பு மங்கி வெளுக்கும். விரலால் தடவினால் கயிறு ஓடுவதுபோல் தட்டுப்படும். வாய் திறப்பது குறையும். மேல் கீழ் முன்பற்களுக்கு இடையே நம்முடைய மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி நுழைக்க முடிய வேண்டும். இரண்டுதான் நுழைகிறது என்றால் அன்றே பாக்கை நிறுத்திவிட்டுப் பல் மருத்துவரிடம் போக வேண்டும். இறுகிய நார் முழுவதும் பழைய நிலைக்கு வராது; ஆனால் நிறுத்தினால் மேலும் இறுகுவது மட்டுப்படும். இந்த நிலையில் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னாளில் அதே இடத்தில் புற்று வருகிறது என்பதால் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து காட்டிவர வேண்டும்.

புண் விஷயத்தில் நடக்கும் தவறு எப்போதும் ஒன்றுதான். உஷ்ணப் புண் என்று நினைத்துக் கடையில் பி காம்ப்ளக்ஸ் மாத்திரை, பிறகு தடவும் ஜெல், பிறகு வேறு மாத்திரை என்று மூன்று நான்கு மாதம் ஓடிவிடும். சாதாரண வாய்ப்புண் சுரீரென்று வலிக்கும், பத்துப் பதினைந்து நாளில் ஆறிவிடும். வலியே இல்லாமல், ஓரம் தடித்து, தொட்டால் கெட்டியாக இருக்கும் புண்ணைத்தான் சந்தேகிக்க வேண்டும். உடைந்த பல்லின் கூர்முனை குத்துகிறது என்றால் அதைத் தேய்த்துவிட்டு இரண்டு வாரம் பார்க்கலாம். அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது. வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, அதைவிட ஆபத்தான செந்நிறத் திட்டு, காரணமில்லாமல் ஆடும் பல், பல் பிடுங்கிய குழி வாரக்கணக்கில் மூடாமல் இருப்பது, நேற்றுவரை சரியாக இருந்த பல் செட் பொருந்தாமல் போவது, ஒரு பக்கக் காதுவலி, கழுத்தில் வலியில்லாத கட்டி ஆகியவற்றையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

மாதம் ஒருமுறை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். வாயைக் கொப்பளித்து, பல் செட்டைக் கழற்றிவிட்டு, கண்ணாடி முன் செல்போன் டார்ச்சைப் பிடித்து, உதட்டைப் புரட்டி, கன்னத்தைக் கரண்டிக் காம்பால் ஒதுக்கிப் பாருங்கள். பாக்கு அடக்கும் பக்கத்தைக் கீழ் ஈறு வரை பார்க்க வேண்டும். நாக்கு நுனியைத் துணியால் பிடித்து இழுத்தால்தான் இரு ஓரங்களின் பின்பகுதி தெரியும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

சதை எடுத்துப் பரிசோதித்தால் புற்று பரவிவிடும் என்ற பயம் இன்னும் போகவில்லை. அப்படிப் பரவாது. மரத்துப்போக ஊசி போட்டு, புண்ணின் ஓரத்திலிருந்து சிறு துண்டுதான் எடுப்பார்கள். நடுப்பகுதியில் செத்த சதை மட்டுமே கிடைக்கக்கூடும். வேலூர்க்காரர்களுக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் சி.எம்.சி.யும் அருகிலேயே இருக்கின்றன. இரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்கும்போதே கண்டுபிடித்தால் பலருக்கு அறுவை சிகிச்சை மட்டுமே போதும். கழுத்து நெறிக்கட்டிக்குப் பரவிய பின் போனால் பெரும்பாலும் கதிர்வீச்சும் சேர்ந்துகொள்ளும். செலவும் அவதியும் பல மடங்கு.

ஆம்பூர், ராணிப்பேட்டை வாசகர்களுக்காக இன்னொன்று. ஷூ கம்பெனிகளில் தோலைத் தேய்க்கும்போது பறக்கும் தூசியும் அதே முதல் பிரிவில்தான் இருக்கிறது. அது தாக்குவது மூக்கையும் அதைச் சுற்றிய எலும்பறைகளையும். ஒரு பக்க மூக்கு மட்டும் விடாமல் அடைத்து, சளியோடு ரத்தம் கலந்து வந்தால் சைனஸ் என்று தள்ளிப்போடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். எந்த வேலை என்பதையும் அவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் ஊர்களில் நடக்கும் முகாம்கள் பலவற்றில் பிரஷரும் சுகரும் பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். வாயைத் திற என்று யாரும் சொல்வதில்லை. ஒரு டார்ச்சும் மரக்குச்சியும் கையுறையும் இருந்தால் ஆளுக்கு இரண்டு நிமிடம் போதும். பீடி சுற்றும் தெருக்களிலும் ஷூ கம்பெனி வாசல்களிலும் அடுத்த முகாம் நடக்கும்போது இதைச் சேர்க்கும்படி தங்கள் நாளிதழ் வற்புறுத்த வேண்டும். மூன்று விரல் சோதனையைப் படத்துடன் ஒரு சிறு பெட்டிச் செய்தியாகவும் வெளியிட்டால் கடைகளில் வெட்டி ஒட்ட உதவும்.

இப்படிக்கு,
பல் மருத்துவர் ஒருவர்,
குடியாத்தம்.